இணைச்சொல், எதிர்ச்சொல், ஆங்கிலச் சொல்வளம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுத் தாளைப் பிரித்தால், முதல் பகுதியிலேயே அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணைச்சொல் கேட்டிருப்பார்கள். அடுத்தது எதிர்ச்சொல். பன்னிரண்டாம் வகுப்பிலும் அதே வரிசை. பட்டம் வாங்கிய பிறகு வங்கித் தேர்வுக்கோ பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கோ தயாராகும் இளைஞரும் மறுபடி அந்த இரண்டையும்தான் சந்திக்கிறார். இதற்கென்றே கையேடுகள் விற்கின்றன. இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் சினானிம், வலப்பக்கம் ஆன்டானிம். விடியற்காலையில் எழுந்து அவற்றை உருப்போடும் பிள்ளைகளின் உழைப்பு பெரியது. அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் உருப்போட்டவர்கூட ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தைத் தங்குதடையின்றிப் படிக்கவோ, ஒரு விண்ணப்பக் கடிதத்தில் பொருத்தமான சொல்லை எடுத்து வைக்கவோ திணறுவதை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். இது பிள்ளைகளின் குறை என்று நான் நினைக்கவில்லை. இணைச்சொல்லும் எதிர்ச்சொல்லும் நல்ல கருவிகள்தாம். கற்பவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லோடு சேர்த்துத் தரப்படும்போதுதான் அவை வேலை செய்கின்றன. தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொல்லையே விளக்கமாகத் தருவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் எப்படி வந்தன என்பதை வகுப்பறையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பல தலைமுறைக் காலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின, வயலும் அடுப்படியும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்களை அள்ளிக் கொண்டுவந்தார்கள். இப்படிச் சேர்ந்த மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொல் என்று ஒரே பொருளுக்கு மூன்று நிற்பதுண்டு. 'கேள்' என்பதற்கு 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்ச்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெரகேட்' லத்தீன். அம்மா மகனைக் கேட்பது முதல் சொல். நிருபர் அமைச்சரைக் கேட்பது இரண்டாவது. காவல் நிலையத்தில் விசாரிப்பது மூன்றாவது. கையேட்டில் இம்மூன்றும் சமக்குறி போட்டு ஒரே வரியில் இருக்கும். சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதான் என்று தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவருக்குச் சொல்லிவிட்டால் அவர் எப்படியெல்லாம் பேசுவார் என்று நாம் எளிதில் ஊகிக்கலாம். கோயிலில் நடப்பது அன்னதானம். அதைச் சோற்றுதானம் என்று யாரும் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் இணைச்சொல் நூல்கள் தோன்றியதே வேறுபாட்டைக் காட்டுவதற்காகத்தான். 1718இல் பிரெஞ்சுப் பாதிரியார் காப்ரியேல் ஜிரார் எழுதிய நூல், இணை என்று கருதப்படும் சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேற்றுமைகளைப் பிரித்துக் காட்டியது. இங்கிலாந்தில் 1794இல் ஹெஸ்டர் பியோஸி 'பிரிட்டிஷ் சினானிமி' என்ற நூலை வெளியிட்டார். அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழியாக இருந்தவர். சாதாரணப் பேச்சில் எந்தச் சொல்லை எங்கே தேர்ந்தெடுப்பது என்பதே அவருடைய நூலின் நோக்கம். 1816இல் ஜார்ஜ் கிராப் இதே பாதையில் இன்னும் விரிவாக எழுதினார். இவர்கள் எல்லோரும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பிரிகின்றன என்று விளக்கியவர்கள்.

1852இல் வந்த ரோஜேயின் 'தெசாரஸ்' அந்த விளக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டது. பீட்டர் மார்க் ரோஜே மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராகவும் இருந்தவர். 1805 வாக்கில் தன் சொந்த உபயோகத்துக்குத் தொகுத்த பட்டியலை முதுமையில் விரிவாக்கி, ஆயிரம் கருத்துத் தலைப்புகளின் கீழ் சொற்களை அடுக்கினார். எதிரெதிர்க் கருத்துகளை எதிரெதிர்ப் பத்திகளில் வைத்தார். எந்தச் சொல்லுக்கும் பொருள் எழுதவில்லை. மொழி நன்கு தெரிந்தும் தேவைப்படும் நேரத்தில் சொல் நாவுக்கு வராதவர்களுக்காகச் செய்த நூல் அது. அவர்களுக்குப் பட்டியலைப் பார்த்ததும் வேண்டிய சொல் எது என்று தெரிந்துவிடும். மொழியைக் கற்றுக்கொண்டிருப்பவர் கையில் அதைக் கொடுத்தால் அவருக்கு எல்லாச் சொற்களும் ஒன்றுபோலவே தெரியும். நம் கையேடுகள் ரோஜேயின் வடிவத்தை எடுத்துக்கொண்டன, பியோஸியும் கிராப்பும் எழுதிய விளக்கங்களை விட்டுவிட்டன. 'ஆன்டானிம்' என்ற சொல்லும் பழையதன்று. சி. ஜே. ஸ்மித் என்பவர் 1867இல் வெளியிட்ட இணைச்சொல், எதிர்ச்சொல் தொகுப்பிலிருந்துதான் அது புழக்கத்துக்கு வந்தது.

நம்மிடமும் நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு எல்லாம் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளில் தொகுத்தவை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அதைக் காட்டி, உருப்போடுவது நம் மரபுதானே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் நிகண்டின் தலைப்பில் நிற்பது ஞாயிறு, திங்கள், யானை, மலை என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்த பொருள். புதுப்பெயர்கள் அந்தத் தெரிந்த ஒன்றில் வந்து சேர்ந்தன. மனப்பாடம் முடிந்ததும் அந்தச் சொற்கள் வரும் செய்யுள்களைப் படிப்பது அடுத்த படியாக இருந்தது. கையேட்டோடு நின்றுவிடும் ஆங்கிலப் படிப்பில் இந்த இரண்டுமே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் சொல்வளம் தன்முன்னேற்றத்தின் அடையாளமானது. 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் 1945இல் வில்ஃபிரட் ஃபங்க் தொடங்கிய சொல்வளப் பகுதி பல பத்தாண்டுகள் நீடித்தது. 1949இல் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் இந்திய நகரங்களின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. அந்த நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் தொடக்கப் பாடத்திலேயே 'ஈகோயிஸ்ட்', 'ஈகோட்டிஸ்ட்', 'ஆல்ட்ரூயிஸ்ட்' என்று குழப்பக்கூடிய சொற்களை ஒன்றாக அடுக்குகிறார் லூயிஸ். அடுத்து 'மிஸந்த்ரோப்', 'மிஸாஜினிஸ்ட்', 'மிஸாகமிஸ்ட்'. வெறும் பட்டியலாக விட்டிருந்தால் இவை மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். அவர் வேர்களைப் பிரித்துக் காட்டுகிறார். கிரேக்கத்தில் வெறுப்பைக் குறிக்கும் பகுதி மூன்றிலும் பொது. அதையடுத்து மனிதன், பெண், திருமணம் என்று மூன்று தனித்தனி வேர்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார், எழுதச் சொல்கிறார், பக்கத்துக்குப் பக்கம் சோதிக்கிறார். அந்த நூலால் பயன் அடைந்தவர்கள் அதிலுள்ள பயிற்சிகளைச் செய்தவர்கள். சொற்களை மட்டும் தனித்தாளில் எழுதி உருப்போட்டவர்களுக்கு அது கிட்டவில்லை.

இனி ஆய்வுகள் சொல்வது. தாமஸ் டிங்கம் 1993இல் ஒரு சோதனை செய்தார். புனைந்த சொற்களைச் சிலருக்கு ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்களுக்கான சொற்களை ஒன்றாகக் கற்றபோது, தொடர்பில்லாத சொற்களைக் கற்றதைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. ராபர்ட் வாரிங் 1997இல் ஜப்பானிய மாணவர்களிடம் அதையே செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. நியூசிலாந்தின் பால் நேஷன் 2000இல் இவற்றைத் தொகுத்து, இணைச்சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே வகுப்பில் புதிதாக அறிமுகப்படுத்துவது ஆபத்தானது என்று ஆசிரியர்களை எச்சரித்தார். 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் படித்த குழந்தை, எது எந்தப் பக்கம் என்று நெடுநாள் தடுமாறுவதை நாம் பார்க்கிறோம். அங்கே இரண்டு சொற்களும் குழந்தையின் நினைவில் இருக்கின்றன, எது எதற்குரியது என்ற இணைப்புதான் குழம்பிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இந்தத் தீங்கை ஒரே அளவில் காட்டவில்லை. கற்பவரின் தரம், சொற்கள் எவ்வளவு நெருக்கமானவை, எப்படிச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் தெரிகிறது. ஆனாலும், இரண்டு புதுச் சொற்களை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் நினைவில் நன்றாக நிற்கும் என்று பயிற்சி மையங்கள் உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, கட்டுரையின் மையமும் அதுதான். ஸ்டூவர்ட் வெப் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கற்பவருக்கு ஏற்கெனவே இணைச்சொல் ஒன்று தெரிந்திருந்த புதுச்சொற்களையும், அப்படித் தெரியாத புதுச்சொற்களையும் ஒப்பிட்டார். தெரிந்த இணை உள்ள சொற்களில் மாணவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். வாக்கியத்தில் எங்கே வரும், எந்தச் சொற்களோடு சேரும் என்ற அறிவு பழைய சொல்லிலிருந்து புதியதற்கு ஓரளவு கடந்து வருகிறது. இரண்டு ஆய்வு வழிகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 'டாக்கட்டிவ்' என்ற சொல் தெரிந்த மாணவிக்கு 'லொக்வேஷியஸ்' எளிதில் ஒட்டும். 'லொக்வேஷியஸ்', அதற்கு இணை 'கேருலஸ்', அதற்கு எதிர் 'டேசிடர்ன்' என்று மூன்றையும் ஒரே வரியில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கு மூன்றுமே அந்நியம். அடுத்த வாரம் அவற்றில் எது வாயாடி, எது அதிகம் பேசாதவர் என்று கேட்டால் ஊகித்துத்தான் விடை சொல்வார்.

இணைச்சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் மில்லரும் பாட்ரிஷியா கில்டியாவும் 1987இல் எழுதிய ஒரு கட்டுரை காட்டியது. அகராதியைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னபோது அமெரிக்கப் பிள்ளைகள் எழுதியவற்றை அது எடுத்துக்காட்டியது. அரித்துத் தின்னும் பொருளுடைய 'இரோட்' என்ற சொல்லின் விளக்கத்தில் 'ஈட் அவுட்' என்று இருந்தது. வெளியே உணவகத்தில் சாப்பிடுவதற்கும் அதே தொடர்தான். தங்கள் குடும்பம் அடிக்கடி 'இரோட்' செய்யும் என்று ஒரு குழந்தை எழுதியது. தாய்மொழிக் குழந்தைக்கே இப்படி என்றால், அகராதியின் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அந்தக் குழந்தையிடம் தவறில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தோம், அது வைத்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டாளிகள் உண்டு. 'ஸ்ட்ராங் டீ' என்பார்கள், 'பவர்ஃபுல் டீ' என்று சொல்வதில்லை. மொழியியலாளர் ஹாலிடே எடுத்துக்காட்டிப் புகழ்பெற்ற இணை இது. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. தமிழில் கனமழை, பலத்த காற்று, கொளுத்தும் வெயில் என்று நாம் யோசிக்காமல் பேசுகிறோமே, அதே விஷயம்தான். பர்மிங்காமில் ஜான் சின்க்ளேரின் குழு பல லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கில உரைகளைக் கணினியில் சேர்த்து ஆராய்ந்து 1987இல் 'கோபில்ட்' அகராதியை வெளியிட்டது. அப்படிப்பட்ட தொகுப்புகளை ஆராய்ந்தபோதுதான், விளைவித்தலைக் குறிக்கும் 'காஸ்' என்ற சாதுவான சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் விபத்து, சேதம், நோய், சாவு என்று தீயவையே வருகின்றன என்பது கண்ணில் பட்டது. மகிழ்ச்சியை 'காஸ்' செய்ததாக எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் பேசுபவர் காதுக்கு உறுத்தும். இந்த அறிவு எந்த இணைச்சொல் பட்டியலிலும் இல்லை.

எதிர்ச்சொல்லிலும் வகைகள் உண்டு. 'அலைவ்', 'டெட்' இரண்டுக்கும் நடுவே இடமில்லை. 'ஹாட்', 'கோல்ட்' இரண்டுக்கும் நடுவே வெதுவெதுப்பு, இளஞ்சூடு என்று படிகள் உண்டு. 'பை', 'செல்' ஒரே கொடுக்கல் வாங்கலின் இரு முனைகள். இந்த வேறுபாடு கையேட்டில் இல்லாவிட்டாலும் மாணவர் இயல்பாகவே புரிந்துகொள்வார். அவரை உண்மையில் சிக்க வைப்பவை வேறு இரண்டு. ஒன்று, எதிர்ச்சொல் என்பது சொல்லுக்குரியதைவிட அந்த இடத்துப் பொருளுக்குரியது. 'ஓல்ட்' என்பதற்கு ஆளைப் பற்றியதென்றால் 'யங்', சட்டையைப் பற்றியதென்றால் 'நியூ'. 'ஹார்ட்' கல்லுக்குச் சொன்னால் எதிர் 'சாஃப்ட்', கேள்வித்தாளுக்குச் சொன்னால் 'ஈஸி'. கடல் 'ரஃப்' என்றால் எதிர் ஒன்று, கணக்கு 'ரஃப்' என்றால் எதிர் வேறொன்று. வாக்கியமில்லாமல் எதிர்ச்சொல் கேட்பதே சரியான கேள்வியாகாது.

மற்றது முன்னொட்டு. 'இன்' சேர்த்தால் எதிர்ச்சொல் என்ற விதியைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு 'வேல்யுவபிள்' என்பதற்கு எதிர் 'இன்வேல்யுவபிள்' என்று எழுதுகிறார்கள். அதன் பொருளோ விலைமதிப்பற்றது. 'ஃபேமஸ்', 'இன்ஃபேமஸ்' இரண்டும் பேர் பரவியவரைத்தான் குறிக்கின்றன. இரண்டாமவரின் பேர் கெட்ட பேர். 'இன்ஃப்ளேமபிள்' என்பது தீப்பற்றாதது என்று எண்ணியவர்கள் இருந்ததால், அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் துறையினர் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொல்லிப் போராடினார்கள். 'அன்இன்ட்ரெஸ்டட்' ஆர்வமற்றவர், 'டிஸ்இன்ட்ரெஸ்டட்' நடுநிலையாளர். நீதிபதிக்கு இரண்டாவது பண்பு கட்டாயம் வேண்டும், முதலாவது கூடவே கூடாது.

எதிர்ச்சொற்களுக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. ஆங்கில உரைகளை ஆராய்ந்த ஜஸ்டிசனும் காட்ஸும், எதிரெதிரான பண்புச்சொற்கள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிக முறை ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதை 1991இல் காட்டினார்கள். படிப்பவருக்கு எதிர்ச்சொற்கள் தாமாகவே சோடி சோடியாகக் கிடைக்கின்றன. பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய 'வேர்ட்நெட்' என்னும் கணினிச் சொற்களஞ்சியம் பண்புச்சொற்களை இந்த அடிப்படையில்தான் அடுக்கியது. நடுவில் 'வெட்', 'டிரை' என்ற பழகிய சோடி. ஈரப்பக்கம் 'டாம்ப்', 'மாய்ஸ்ட்'. வறண்ட பக்கம் 'ஆரிட்', 'பார்ச்ட்'. உயர்நிலைச் சொல் கற்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் அறியேன். தெரிந்த சோடியை நட்டுவைத்து, புதுச்சொற்களை அங்கங்கே ஒவ்வொன்றாக, காலம் விட்டுச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

எத்தனை சொல், எந்தச் சொல் என்ற கேள்விக்கு வருவோம். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பிக்கும் பாடநூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் சுமார் 2000 தலைச்சொற்கள். அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் அதற்கு வெளியே உள்ள 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதன் கிளைவடிவங்களும் சேர்ந்த தொகுதிகள். கல்லூரிப் பாட உரைகளில் சுமார் 10 விழுக்காடு இவைதாம். நாவலையோ நாளேட்டையோ உதவியின்றிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். எட்டாயிரத்தையும் உருப்போட முடியாது, படித்துத்தான் சேர்க்க முடியும். ஆனால் அந்த 570ஐத் திட்டமிட்டுக் கற்க முடியும். அவற்றை விட்டுவிட்டு, வாழ்நாளில் இரண்டு முறை கண்ணில் படக்கூடிய அரிய சொற்களுக்கு நம் பயிற்சி வகுப்புகள் மாதங்களைச் செலவிடுவது வருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவிலேயே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு 1994இல் எதிர்ச்சொல் கேள்விகளைக் கைவிட்டது. முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ 2011இல் கைவிட்டது. ஜிஆர்இயில் இப்போது ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடத்தைத் தந்து, அதை ஒரே பொருள் வரும்படி நிரப்பும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இணைச்சொல் அறிவைத்தான் அங்கும் சோதிக்கிறார்கள், வாக்கியத்துக்குள் வைத்து.

நம் பள்ளித் தேர்விலும் இது முடியாததில்லை. குறைந்த வருமானத்தில் கடன் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாயைப் புகழும் வாக்கியத்தைக் கொடுத்து, 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி' இவற்றில் எது பொருந்தும் என்று கேட்கலாம். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரியும். அந்த அறிவை ஆங்கிலச் சொல்லோடு இணைத்தால் போதும். தாய்மொழியில் பொருள் சொல்லக்கூடாது என்ற விதி சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. பாட்டியா லாஃபரும் காரன் ஷ்மூவெலியும் 1997இல் இஸ்ரேலில் நடத்திய ஆய்வில், தாய்மொழிப் பொருளோடு கற்ற சொற்கள் ஆங்கில விளக்கத்தோடு கற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. ஒல்லி, மெலிவு, நோஞ்சான் என்று நம்மிடமே படிநிலைகள் இருக்கும்போது, 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கின்னி' மூன்றுக்கும் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து விளக்கம் எழுதச் சொல்வது வீண்வேலை.

கற்ற சொல்லை நினைவில் நிறுத்துவது எப்படி என்பதிலும் ஆய்வுகள் உறுதியாகப் பேசுகின்றன. கார்பிக்கியும் ரோடிகரும் 2008இல் 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு முறை நினைவுகூர்ந்த சொல்லை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் மூன்றில் ஒரு பங்கு அளவே நினைவு வைத்திருந்தார்கள். தாளை மூடிவிட்டு மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் 80 விழுக்காடு வரை. எபிங்ஹாஸ் 1885இலேயே மறதியின் வேகத்தை அளந்து, இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனைக் காட்டிவிட்டார். ஆகவே நோட்டில் எழுதும்போது சொல்லை ஒரு பக்கம், அது வந்த முழு வாக்கியத்தையும் தமிழ்ப் பொருளையும் மறுபக்கம் எழுதிக்கொள்ளலாம். அதற்கு நெருங்கிய, முன்பே தெரிந்த சொல் எது, அதிலிருந்து இது எங்கே விலகுகிறது என்று ஒரு வரி சேர்க்கலாம். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். எதிர்ச்சொல் புதிதாக இருந்தால் முதற்சொல் உறுதிப்பட்ட பிறகு தனிப்பக்கத்தில் எழுதுவது நல்லது.

தேர்வு இரண்டு மாதத்தில் வருகிறது, கையேட்டை விட முடியாது என்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் அதிலுள்ள வரிகளில் ஒரு சொல்லாவது தெரிந்தவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் படிக்கட்டும். அந்த வரிகளில்தான் இணைச்சொல் உண்மையில் உதவும். மூன்றும் தெரியாத வரிகளைப் பிறகு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல்லை மட்டும் கற்போர் அகராதியில் பார்த்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் தமிழ்ப் பொருளோடும் படிக்கலாம். மற்ற இரண்டு சொற்களை இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்களில் வாக்கியத்தோடு வந்த கேள்விகளை விடையை மறைத்து எழுதிப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு தலையங்கம் படிப்பதைத் தேர்வுக்கு முந்தின நாள்வரை நிறுத்த வேண்டாம். குறித்த சொற்களில் சில அங்கேயே எதிர்ப்படும்.